யாரை முதலில் பார்த்தீர்கள்?

1

இந்தப் பக்கத்துக்கு நான் இதுவரை எழுதி அனுப்பியதெல்லாம் சிரிப்புச் சங்கதிகள். வந்த புதிதில் கடையில் கத்தரிக்காயை ‘பிரிஞ்சால்’ என்று கேட்டு கடைக்காரர் முழித்தது, பனியில் வழுக்கி உட்கார்ந்தபடியே பஸ் நிற்கும் இடம்வரை சறுக்கிப் போனது, ஒரு கிழவர் ஸ்காட்லாந்து ஆங்கிலத்தில் பேசப் பேசப் பத்து நிமிடம் தலையாட்டிவிட்டு, அவர் கேட்டது கழிப்பறைக்கு வழி என்று பிறகு தெரிந்துகொண்டது. நம் ஊரில் பகாவிலிருந்தும் நீலாயிலிருந்தும் நீங்கள் படித்துவிட்டு எழுதுவீர்கள். இந்த முறை சிரிக்க ஒன்றும் இல்லை.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு கடிதம் வந்தது. திடீர் மரணங்களை விசாரிக்கும் அலுவலகம் அனுப்பியது. யூவனின் மரணம் விபத்து, மேல் நடவடிக்கை இல்லை, உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி. அவ்வளவுதான். யூவன் என் மகள் அபிராமியோடு இரண்டு வருடம் ஒன்றாக வாழ்ந்தவன். இருபத்தேழு வயது. போன சனிக்கிழமையோடு அவன் இறந்து ஒரு வருடம் முடிந்தது.

என்னைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. பகாவைத் தாண்டி உள்ளே போகும் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். சிரம்பானில் தாதிப் பயிற்சி முடித்தேன். இருபத்திரண்டு வருடத்துக்கு முன், நான்கு வயது அபியைத் தூக்கிக்கொண்டு, கணவரோடு இங்கே, ஸ்காட்லாந்துக்கு வந்தேன். மூன்று குளிர்காலம் தாங்கிவிட்டு அவர் சிரம்பானுக்கே திரும்பிவிட்டார். நானும் அபியும் இருந்துவிட்டோம். மலைகளுக்கு நடுவே ஒரு சிறிய ஊர், சிறிய ஆஸ்பத்திரி. அதன் அவசரப் பிரிவில் வேலை. வாசலில் வருகிறவர்களில் யாரை முதலில் உள்ளே அனுப்புவது என்று முடிவு செய்வது என் பொறுப்பு.

2

அபி இரண்டாம் வகுப்பில் ‘அம்மா’வை விட்டு ‘மம்’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். பிறகு சாப்பாடு மாறியது. பிறகு வார இறுதிகள் அவளுடையவை ஆயின. இதில் யார் மீதும் குறை இல்லை. நான் இரவு வேலைக்குப் போய்வந்து தூங்கிக்கொண்டிருந்த வருடங்களில் அவள் வளர்ந்துவிட்டாள். பல்கலைக்கழகத்தில் கயாக் ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஒரு ஆள் மட்டும் இடுப்புவரை உள்ளே நுழைந்து உட்காரும் சின்னப் படகு. இரண்டு பக்கமும் அலகு வைத்த ஒரே துடுப்பு. அதை ஏரியில் ஓட்டுவதோடு அவளும் யூவனும் நிற்கவில்லை. மழை பெய்து மலை ஓடைகள் பொங்கும்போது அதில் இறங்குவார்கள்.

உலு பெண்டுலில் பிள்ளைகள் குளிக்கும் ஓடையை நினைத்துக்கொள்ளுங்கள். அதே அகலம். அதை மாடிப்படி போலச் சாய்த்து வையுங்கள். தண்ணீரைப் பனிக்கட்டி ஆவதற்கு ஒரு படி முன்புவரை குளிர வையுங்கள். இரவெல்லாம் மழை பெய்ய விட்டு, கரை முட்ட ஓட விடுங்கள். மொத்தமே ஒரு மைல் இருக்காது. காலையில் நிறைந்திருக்கும், மதியத்துக்குள் வடிந்துவிடும். அதனால் மழை நின்றதும் ஓடுவார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அபி போன் செய்தாள். அவர்களோடு வழக்கமாக வரும் நண்பனுக்குக் காய்ச்சல். கடைசி அருவிக்குக் கீழே கயிற்றோடு நிற்க ஓர் ஆள் வேண்டும்.

“மம், நீ வர்றியா? உனக்கு நாளைக்கு லீவுதானே?”

“எனக்கு என்னடி தெரியும்?”

“போன சம்மர்ல பார்க்ல கயிறு எறிஞ்சியே. பத்துக்கு எட்டு. என்னைவிட நல்லா எறிஞ்ச. ஜஸ்ட் நில்லு, போதும்.”

அந்தப் பூங்கா நாளைத் தவிர, மகள் என்னை எங்கும் கூப்பிட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. ரொட்டிக்குள் சார்டின் சம்பல் வைத்து ஆறு பொட்டலம் கட்டிக்கொண்டு போனேன்.

3

ஓடை கடைசியில் இரண்டு படியாக விழுகிறது. மேல்படி ஆள் உயரம், கீழ்ப்படி அதைவிடக் கொஞ்சம் அதிகம். அதன் கீழே ஒரு குளம். குளத்தின் வலது கரையில் ஒரு தட்டைப் பாறை. யூவன் என்னை அங்கே நிறுத்தி, கயிற்றுப் பையைக் கையில் கொடுத்தான். கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு பையை எறிந்தால், உள்ளே அடைத்திருக்கும் கயிறு அவிழ்ந்துகொண்டே போகும்.

“இங்கே விழுகிற தண்ணீர் அடியில் போய்த் திரும்பி மேலே வந்து, மறுபடி அருவிக்குள்ளேயே இழுக்கும்,” என்று கையால் வட்டம் போட்டுக் காட்டினான். “இதில் மாட்டினால் தானாக வெளியே வர முடியாது. அதற்குத்தான் நீங்கள்.”

“தண்ணீர் ரொம்ப இல்லையா?” என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் ஓடையைப் பார்த்தான். “கொஞ்சம் அதிகம்தான். ஓட்டலாம்.”

இருவரும் படகைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறிப் போனார்கள். முக்கால் மணி நேரம் நின்றேன். பால் ஊற்றாத தேநீர் நிறத்தில் தண்ணீர். அந்த இரைச்சலில் என் இருமலே எனக்குக் கேட்கவில்லை.

முதலில் யூவன் வந்தான். மேல்படியை நேராகத் தாண்டினான். கீழ்ப்படியில் படகின் மூக்கு ஏதோ கல்லில் தட்டியது. பக்கவாட்டில் விழுந்தான். படகு கவிழ்ந்து, அவன் அதிலிருந்து வெளியே வந்து, படகு மட்டும் குளத்துக்குள் மிதந்து போனது. அவன் வரவில்லை. நுரைக்குள் சிவப்புத் தலைக்கவசம் மேலே வந்தது, உள்ளே போனது, மேலே வந்தது. என்னிடமிருந்து நாலைந்து மீட்டர். மூன்றாவது முறை மேலே வந்தபோது என்னை நேராகப் பார்த்தான். கை தூக்கினான். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தண்ணீர் போகும்.

நான் பையை ஓங்கினேன்.

அப்போது அபி வந்தாள். மேலே ஒதுங்கிக் காத்திருந்த இடத்திலிருந்து நீரோட்டம் அவளை இழுத்துவிட்டிருக்கிறது. மேல்படியிலேயே கவிழ்ந்து, படகை விட்டு வெளியே வந்து, கீழ்ப்படியில் இடது ஓரமாக விழுந்தாள். அந்த ஓரத்தில் தண்ணீர் திரும்பி இழுக்காது. அவளை அப்படியே குளத்தின் மறு பக்கத்துக்குக் கொண்டு போனது. அங்கிருந்து கத்தினாள்.

“அம்மா!”

இருபது வருடமாக நான் கேட்காத சொல். என் கை திரும்பிவிட்டது. பை குளத்தைக் குறுக்கே தாண்டி அவள் தோளில் போய் விழுந்தது. அதைவிடச் சரியாக நான் எறிந்ததே இல்லை. அவள் கயிற்றைப் பிடித்தாள். நான் இழுத்தேன். அவள் என் பக்கம் வராமல் அங்கும் இங்கும் திமிறினாள். பயத்தில் திமிறுகிறாள் என்று நினைத்து இன்னும் பலமாக இழுத்தேன்.

அவள் கரைக்கு வந்ததும் கயிற்றைக் கூட்டி யூவன் பக்கம் எறிந்தேன். பாதியில் விழுந்தது. மறுபடி கூட்டினேன். ஈரக்கயிறு விரலில் சிக்கியது. அடுத்த முறை கயிறு அவன் தலைக்கவசத்துக்கு மேலேயே விழுந்தது. கை எதுவும் அதைப் பிடிக்க வரவில்லை.

தண்ணீர் அவனை விட்டபோது முகம் கீழே இருந்தது. இருவரும் இழுத்துப் பாறையில் போட்டோம். அபி போன் சிக்னல் தேடிச் சாலைக்கு ஓடினாள். நான் நெஞ்சை அமுக்கினேன், வாயில் ஊதினேன், மறுபடி அமுக்கினேன். ஹெலிகாப்டர் வரும்வரை, முக்கால் மணி நேரத்துக்கு மேல். ஆஸ்பத்திரியில் என்றால் ஒரு டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துப் போதும் என்று சொல்வார். அங்கே சொல்ல ஆள் இல்லை.

4

மறுநாள் மாலை ஓர் இளம் போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். சமையலறையில் உட்கார்ந்து தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். ரொம்ப மரியாதையானவர். தேநீர் கொடுத்தேன். மெதுவாக ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்.

“இருவரும் தண்ணீரில் இருந்தபோது நீங்கள் யாரை முதலில் பார்த்தீர்கள்?”

“ஐ சா மை டாட்டர் ஃபர்ஸ்ட்,” என்றேன்.

நம் ஊரில் நோயாளியைப் ‘பார்ப்பது’ என்றால் என்ன பொருள்? டாக்டர் பார்த்தாரா, நர்ஸ் பார்த்தாங்களா என்று கேட்கிறோம். கவனித்தாரா என்றுதானே அர்த்தம். முப்பது வருடமாக நான் வேலையில் அப்படித்தான் பேசுகிறேன். ‘மூன்றாம் நம்பரை முதலில் பாருங்கள்.’ என் மகளைத்தான் முதலில் கவனித்தேன் என்று அந்தப் பிள்ளையிடம் ஒப்புக்கொண்டேன்.

அவர் எழுதிக்கொண்டார். கடைசியில் முழுவதையும் வாசித்துக் காட்டினார். ‘சாட்சியின் கண்ணில் முதலில் பட்டது அவருடைய மகள். மகளைக் கரை சேர்த்துவிட்டுத் திரும்பிய பிறகே மற்றவரைக் கண்டார். அதற்குள் அவர் அசைவின்றி இருந்தார்.’

“சரிதானே?” என்றார்.

என் ஆங்கிலத்துக்கும் அவர் ஆங்கிலத்துக்கும் நடுவில் ஒரு பொய் தானாக முளைத்து நின்றது. நான் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உள் அறையில் அபி படுத்திருந்தாள்.

“சரி,” என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

5

சென்டாயானில் இருக்கும் அக்காவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அக்கா பேச்சில் சுற்றிவளைக்கிறவள் இல்லை.

“நீ பெத்த பிள்ளைய நீ பாத்த. எந்தத் தாய்டி பாக்க மாட்டா? இதுல என்னா தப்பு இருக்கு? மண்டைய போட்டு ஒடச்சிக்காத லா.”

“அவன் பக்கத்துல இருந்தான் க்கா. கைய தூக்கினான்.”

“அதுக்கு? நம்ம பிள்ளைய விட்டுட்டு வெள்ளக்காரன் பிள்ளைய தூக்கணுமா?”

போனில் அவள் பின்னால் பேரப்பிள்ளைகள் சண்டை போடும் சத்தம். அக்கா குரலை இறக்கிக் கேட்டாள். “அந்த டிரஸ்ஸர நெனச்சிக்கிட்டு இருக்கியா?”

எங்களுக்கு ஒரு தம்பி இருந்தான். மூன்று வயது. காய்ச்சலில் வலிப்பு வந்து, அம்மா ரப்பர் பால் வெட்டுவதைப் பாதியில் விட்டுவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து மருந்துக் கொட்டகைக்கு ஓடினார். நாங்கள் இருவரும் பின்னால் ஓடினோம். தோட்டத்தில் டாக்டர் கிடையாது, மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர்தான். நாங்கள் போய் உட்கார்ந்த பிறகு, தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி தன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். காலில் கண்ணாடி குத்தியிருந்தது. அந்தப் பெண் ஊரே கேட்கக் கத்தியது. எங்கள் தம்பி சத்தமே போடவில்லை. டிரஸ்ஸர் கிராணி மகளை முதலில் பார்த்தார். காலைக் கழுவி, கண்ணாடித் துண்டை எடுத்து, கட்டுப் போட்டு, மிட்டாய் கொடுத்து அனுப்பினார். தம்பி, குவாலா பிலா ஆஸ்பத்திரிக்குப் போகும் லாரியிலேயே போய்விட்டான்.

தாதி வேலைக்கு நேர்முகத்துக்குப் போனபோது, ஏன் இந்த வேலை என்று கேட்டார்கள். இந்தக் கதையைத்தான் சொன்னேன். புதிதாக வரும் தாதிகளுக்கு முதல் நாளே ஒன்று சொல்லிக்கொடுப்பேன். கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது. சத்தம் போடாதவரை முதலில் பாருங்கள். இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது இதைத்தான் மறந்தேன் என்று சொல்ல ஆசை. மறக்கவில்லை. தெரிந்தேதான் என் கை திரும்பியது.

“டிரஸ்ஸர் நாசமா போவணும்னு அம்மா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்துச்சி,” என்றாள் அக்கா. அதற்கு மேல் என்னைச் சமாதானப்படுத்தவில்லை.

6

அடக்கம் முடிந்த மறுநாள், அபி தன் சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். யூவனோடு இருந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். நான் உதவிக்குப் போயிருந்தேன். அவனுடைய சட்டை ஒன்றை மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

“மம், ஏன் என்னை இழுத்த?”

“என்னடி கேக்கிற? நீ தண்ணியில...”

“என் கால் தரையில இருந்துச்சு. தண்ணி இடுப்பு வரைக்கும்தான். நான் நின்னுக்கிட்டிருந்தேன்.”

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நான் உன்னை ஹெல்ப்புக்குக் கூப்பிடல. அவனைக் காட்டினேன். கையால காட்டினேன், மம். நீ அவனைப் பார்க்கலன்னு நெனச்சேன். அதான் அப்படிக் கத்தினேன். கயிறு எங்கிட்ட வந்ததும், அதை எடுத்துக்கிட்டு அவன் பக்கம் போகலாம்னு பார்த்தேன். நீ இழுத்துட்ட. விழுந்துட்டேன். மறுபடி எழுந்தேன். மறுபடி இழுத்த.”

அவள் தமிழ் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. எனக்குச் சரியாகப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினாள்.

“நீ அவனைப் பார்க்கலதானே?” என்றாள்.

போலீஸ்காரரிடம் சொல்லாததை அவளிடம் சொன்னேன். பார்த்தேன் என்றேன். அவன் கை தூக்கியதையும் சொன்னேன்.

அபி அழவில்லை. சட்டையைப் பெட்டியில் வைத்தாள். பிறகு ஆங்கிலத்தில், நீங்கள் இப்போது வீட்டுக்குப் போனால் நல்லது என்றாள், வேறு யாரிடமோ சொல்வது போல. இரண்டு மாதத்தில் வேலையை மாற்றிக்கொண்டு தெற்கே, இங்கிலாந்தின் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போய்விட்டாள். பிறந்தநாளுக்கு மெசேஜ் வரும். தீபாவளிக்கு ஒரு விளக்குப் படம் வரும். நான் போன் செய்தால் எடுப்பதில்லை.

7

யூவனின் அப்பா ஹேமிஷ் தச்சு வேலை செய்து ஓய்வு பெற்றவர். என் மீது அவருக்கு அளவில்லாத நன்றி. முக்கால் மணி நேரம் அவர் மகனை விடாமல் அமுக்கினேன் என்று போலீஸ் சொல்லியிருக்கிறது. மாதம் ஒரு முறை வீட்டு வாசலில் முட்டையோ உருளைக்கிழங்கோ வைத்துவிட்டுப் போவார். என் பெயர் அவர் வாயில் ‘பாத்மா’ என்றுதான் வரும். திருத்தியதில்லை.

அந்த அலுவலகத்துக் கடிதம் அவருக்கும் வந்தது, என் வாக்குமூலத்தின் சுருக்கத்தோடு. ஒரு வருடம் முடிகிற சனிக்கிழமை, அந்த இடத்தைக் காட்ட முடியுமா என்று போனில் கேட்டார். அவர் மனைவி ஷீனா வர மாட்டார், தான் மட்டும் வருவதாகச் சொன்னார். நான் கையெழுத்துப் போட்டதைத் திருத்தச் சொல்லிப் போலீஸுக்கு ஒரு கடிதம் எழுதி, தபாலில் போடாமல் பல நாளாகப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். முதலில் இவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

என் காரில் போனோம். மழை இல்லாத வாரம். ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர். கற்களுக்கு நடுவே சொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குளத்தில் ஒரு ஆள் சாக முடியும் என்று யாராலும் நம்ப முடியாது. ஹேமிஷ் தட்டைப் பாறையில் என் பக்கத்தில் நின்று ரொம்ப நேரம் கீழே பார்த்தார்.

“அந்தக் காகிதத்தில் ஒன்று எழுதியிருந்தார்கள்,” என்றார். “நீங்கள் திரும்பியபோது அவன் ஏற்கெனவே போய்விட்டான் என்று. ஷீனா அதைத் தினமும் படிக்கிறாள். யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. அது எங்களுக்கு ஓர் ஆறுதல், பாத்மா.”

நான் சொல்லிவிட்டேன். எதையும் விடவில்லை. நாலைந்து மீட்டர் என்றேன். கயிறு கையில் ஓங்கியபடி இருந்தது என்றேன். என் மகள் பக்கம் எறிந்தேன், அவளுக்கு அது தேவைப்படவில்லை என்றேன். சொல்லி முடித்தேன். ஒரு வருடத்தில் முதல் முறையாக மூச்சு முழுதாக உள்ளே போனது. அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

ஹேமிஷ் என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அவன் உங்களைப் பார்த்தானா?”

“பார்த்தான்.”

“நீங்கள் வேறு பக்கம் எறிந்ததையும்?”

அதுவரை அந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொண்டதே இல்லை. “பார்த்திருப்பான்,” என்றேன்.

அவர் திரும்பிக் காரை நோக்கி நடந்தார். வேறு வண்டி கிடையாது. நாற்பது நிமிட வழி. ஒரு வண்டி மட்டும் போகும் மலைச்சாலை. எதிரே கார் வரும்போதெல்லாம் ஒதுங்கி நிறுத்தி வழிவிட வேண்டும். அப்படி நிறுத்திய ஒவ்வொரு இடத்திலும் நாங்கள் இருவரும் முன்கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

அவர் வீட்டு வாசலில் நிறுத்தினேன். இறங்கினார். உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன். காரைச் சுற்றிக்கொண்டு என் ஜன்னல் பக்கம் வந்தார். பையிலிருந்த கடிதத்தை எடுத்துக் காட்டி, போலீஸுக்கு இதை அனுப்பப் போகிறேன் என்றேன்.

“வேண்டாம்,” என்றார். “அனுப்பினால் ஷீனாவுக்குத் தெரிந்துவிடும். அவள் இப்போதுதான் கொஞ்சம் தூங்க ஆரம்பித்திருக்கிறாள். நான் அவளிடம் சொல்லப் போவதில்லை. நீங்களும் சொல்லக் கூடாது.”

“சரி,” என்றேன்.

“நீங்கள் பாரத்தை இறக்கி வைத்துவிட்டீர்கள்,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. “அதை இனி நான் தினமும் அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது வைத்திருக்க வேண்டும்.”

அப்போது வீட்டுக் கதவு திறந்தது. ஷீனா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, என்னைப் பார்த்துக் கையசைத்தார். தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொல்கிறார் என்று புரிந்தது. ஹேமிஷ் சட்டைக் கையால் முகத்தை ஒரு முறை துடைத்தார். பிறகு மனைவியைப் பார்த்துத் திரும்பி, பாத்மாவுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று உரக்கச் சொல்லிக்கொண்டே படியேறினார். கதவு மூடிய பிறகும் நான் வண்டியை எடுக்கவில்லை. கை வரவில்லை.

அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். பேசாமல் இருப்பதாக வாக்குக் கொடுத்தாயிற்று. ஆனாலும் எங்காவது ஓர் இடத்தில் நடந்தது நடந்தபடி இருக்க வேண்டும் என்று மனம் கேட்கிறது. அதனால் இங்கே எழுதுகிறேன், எல்லார் பெயரையும் மாற்றி. அந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. என் மகளுக்கும் படிக்கத் தெரியாது.